மலைப்பாதையும் பழைய மோட்டார் வண்டியும்



தேனிக்கு அருகே வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாவின்போது தேர் ஓடுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தேரை அலங்கரிப்போர் ஒருபுறம் இருக்க, முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தின் அருகிலேயே நடந்து வருவர். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருந்தாலும், தேரை நிறுத்த வல்ல அச்சிலர் இன்றித் தேர் நிலையைவிட்டுப் புறப்படுவதில்லை. பழைய மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்பதற்கும் இதுவே முறை. முதலில் வண்டி நிற்க வேண்டும். அடுத்து நாம் திருப்பிய பக்கம் திரும்ப வேண்டும். பிறகுதான் ஓட வேண்டும். பளபளப்பு எல்லாவற்றிற்கும் பின்னர். இந்த வரிசை ஏன் என்பதை விளக்குவதே என் நோக்கம்.

விளக்கத்திற்கு ஒரு வண்டி வேண்டும். 1959-இல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் நிறுவனம் 'ஹெரால்டு' என்னும் வண்டியை வெளியிட்டது. அதற்கு உருவம் வகுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. இரண்டே கதவுகளும் தாழ்ந்த கூரையும் கொண்ட 'கூபே' என்னும் வகையிலும் அது அங்கே வெளிவந்தது. அதன் அமைப்பைத் தழுவியே 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டு வண்டியும், 1966-இல் ஜி.டி.6 என்னும் கூபே வண்டியும் பிறந்தன. நம் நாட்டில், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் இவ்வண்டியைச் செய்து விற்றது. முதலில் வந்தவை இரண்டு கதவு வண்டிகளே. அந்நிறுவனம் இன்று இல்லை. ஆயினும் அதன் வண்டிகளைப் போற்றி வைத்திருப்போர் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு.

இத்தகைய வண்டி ஒன்று தேனி மாவட்டத்தில் ஓடுவதாக எண்ணிக்கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கில் தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த சமவெளிச் சாலையில் அதற்கு இடர் ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கைவிட்டு மேற்கே போக வேண்டுமாயின் மலை ஏறித்தான் ஆக வேண்டும். போடியிலிருந்து போடிமெட்டுக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும் செல்லும் சாலைகள் கொண்டையூசி வளைவுகளாக மேலேறுகின்றன. இச்சாலைகளில் ஏறுவது எஞ்சினுக்குச் சோதனை. இறங்குவதோ பிரேக்குக்குச் சோதனை. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே, அது வெப்பம்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். போடிமெட்டு, போடியைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டியும் அதில் உள்ளோருமாக 1,000 கிலோகிராம் எடை என்று கொள்வோம். மேலிருந்து கீழே வந்து சேருகையில் அவ்வண்டி இழக்கும் நிலையாற்றல் 98 லட்சம் ஜூல். அவ்வளவும் வெப்பமாக மாறினால், 25 பாகை வெப்பமுள்ள 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவாராயின், இந்த வெப்பத்தில் பெரும்பகுதி நான்கு சக்கரங்களிலும் உள்ள சிறிய இரும்புக் கிண்ணங்களில்தான் வந்து சேரும்.

அப்பொழுது மூன்று கேடுகள் விளையும். முதலாவது, பழைய வண்டிகளில் உள்ள டிரம் பிரேக்கில் கட்டைகள் உள்ளிருந்து வெளிநோக்கி விரிந்து டிரம்மைப் பற்றுகின்றன. சூட்டால் டிரம் பருக்கும்பொழுது அது கட்டையைவிட்டு விலகுகிறது. மிதியை மேலும் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும். தட்டு வடிவான டிஸ்க் பிரேக்கில் இக்குறை இல்லை. அது காற்றில் வெளிப்பட்டு இருப்பதால் விரைவில் குளிரவும் செய்கிறது. 1953-இல் பிரான்சு நாட்டின் லே மான் பந்தயத்தில் ஜாகுவார் வண்டிகள் டிஸ்க் பிரேக்குடன் வென்ற பிறகு அதன் பெருமையை உலகம் உணர்ந்தது. இரண்டாவது, கட்டையின் மேல் ஒட்டிய லைனிங் மிகுந்த சூட்டில் பிடிப்பை இழக்கிறது. மூன்றாவது கேடுதான் மிகக் கொடியது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவம் உண்மையில் எண்ணெய் அன்று. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பரவலாக வழங்கும் டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 205 பாகைக்குக் கீழே கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய பின்போ அந்த எல்லை 140 பாகைதான். திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும் என்பது பாஸ்கல் விதி. ஆவியோ தானே சுருங்கிவிடும். மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது.

ஆகவே பழைய வண்டியை வாங்குபவர் வண்ணம் பூசும் கடைக்குப் போகும் முன்னர் பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். சிலிண்டர்களில் உள்ள ரப்பர்க் கிண்ணங்கள் வண்டி ஓடாது நின்றாலும் இறுகிப் போகும். அவற்றையும் மாற்ற வேண்டும். அவற்றைப் பெட்ரோலிலோ எஞ்சின் ஆயிலிலோ கழுவலாகாது; ரப்பர் ஊதிக் கெடும். ஹெரால்டு போன்ற பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழி என்பதையும் மறக்கலாகாது. ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கும் போயிற்று. கம்பியால் இயங்கும் கைப்பிரேக் ஒன்றே அப்பொழுது துணை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

பிரேக் செம்மையாக இருந்தாலும் அதனை அளவோடு பயன்படுத்த வேண்டும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைநாட்டு ஓட்டுநர் பலரும் அறிந்த விதி. அப்பொழுது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. வெப்பத்தின் ஒரு பங்கு எஞ்சின் வழியே வெளியேறுகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்குவோர், சில ரூபாய்க்காக உயிரைப் பணயம் வைக்கின்றனர்.

அடுத்தது திரும்புதல். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, வெண்கலப் புரி ஒன்றினுள் திருகாணிபோல் அமர்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் அது அப்புரிக்குள் சுழல்கிறது. மற்ற மூட்டுகளுக்கு இடுவதுபோல் இதற்கும் கிரீஸ் இட்டால் புரியின் உள்ளே சென்று சேராது. கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் கெட்டி எண்ணெயையே இட வேண்டும். இதனைப் புறக்கணித்தால் உள்ளே நீர் புகுந்து துரு ஏறி, தண்டு ஒருநாள் முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். வளைவில் இது நேர்ந்தால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. சில ரூபாய் எண்ணெய் எத்தனை பெரிய தீங்கைத் தடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று நான் அறியேன்.

டயரையும் பாருங்கள். அரிதாக ஓடும் வண்டியில் டயரின் பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் ரப்பர் முதுமையடைந்து வெடித்திருக்கும். பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்று பொருள்.

மூன்றாவதாகவே எஞ்சினுக்கு வருகிறோம். மலை ஏறும்பொழுது வேகம் குறைவு. ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்றும் குறைவு. எஞ்சினின் உழைப்போ மிகுதி. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை ஊற்றி வந்தால் குழாய்களில் காறை படிந்து வெப்பம் வெளியேறாது. வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதே நலம். ரேடியேட்டரின் மூடியும் ஒரு கருவியே. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். மூடியின் வில் உள்ளே அழுத்தத்தைக் காத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. தளர்ந்த மூடியை மாற்றினாலே பல வண்டிகளின் கொதிப்பு அடங்கிவிடும். கொதிக்கும் எஞ்சினின் மூடியைத் திறப்பதும், அதில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடா. முன்னது கையைச் சுடும், பின்னது இரும்பைப் பிளக்கும்.

எரிபொருளைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டிற்குள் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. பழைய ரப்பர்க் குழாய்கள் எத்தனாலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை இளகிக் கசிந்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. ஏற்ற வகைக் குழாய்களாக மாற்றிவிடுவது அறிவுடைமை.

வண்ணமும் இருக்கைத் தோலும் கடைசியில் ஆகலாம். அவை காத்திருக்கும், பிரேக் காத்திராது. அழகுபடுத்திய வண்டிகளைக் காண விரும்புவோர் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரால் விளங்கும் கார் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம்.

நண்பர்களே, நீங்கள் இத்தகைய வண்டிக்கு உடையவராக ஆகாமலே போகலாம். ஆயினும் உங்கள் பள்ளியில் படிக்கும் உராய்வும் பாஸ்கல் விதியும் கொதிநிலையும் போடிமெட்டுச் சாலையில் நாள்தோறும் வேலை செய்கின்றன. அடுத்த முறை அவ்வழியே இறங்கும்பொழுது ஓட்டுநர் கியரைக் குறைக்கும் ஒலியைக் கேளுங்கள். 98 லட்சம் ஜூலை அவர் எங்கெங்கே பங்கிட்டு அனுப்புகிறார் என்பது உங்களுக்கு விளங்கும்.