ஆடி மாதத்தில் அடைத்துக்கொண்ட அலமாரி

கோடையில் விரல் நுனியால் தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவு, மழைக்காலம் வந்ததும் முரண்டு பிடிப்பதை உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அது ஏன் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

இரு பருவமழைகளும் பெய்யும் நாஞ்சில் நாட்டில் இது பழகிப்போன தொல்லை. எங்கள் வீட்டு அடுக்களை அலமாரிக்கு ஒரு பங்குனி மாதம் தேக்குப் பலகையில் இரண்டு கதவுகள் செய்தோம். "ஆசாரியாரே, நடுவில் ஒரு தாள்கூட நுழையக் கூடாது" என்றேன். "கொஞ்சம் இடம் விடணும் சாரே" என்றார் அவர். நான் கேட்கவில்லை. ஆடிச் சாரல் தொடங்கிய பத்தாம் நாள் கதவுகள் இறுகிவிட்டன. பலமாக இழுத்ததில் கைப்பிடிதான் கழன்று வந்தது. பச்சை மரத்தைப் போட்டுவிட்டார் என்று எண்ணி, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் பதில் பேசாமல் இழைப்புளியால் ஓரத்தைச் சீவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

வெப்பமா, ஈரமா?

பொருள்கள் வெப்பத்தால் விரிவடைகின்றன என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் ஆடி மாதம் பங்குனியைவிடக் குளிர்ச்சியானது அல்லவா? 40 செ.மீ. அகலமுள்ள பலகை, 10 டிகிரி வெப்பம் கூடினாலும் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் விரியும். ஆகவே குற்றவாளி வெப்பமன்று, காற்றிலுள்ள ஈரம்.

நன்றாக உலர்ந்த மரத்திலும் சிறிது நீர் இருக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் மரம் அதை உறிஞ்சும், குறைந்தால் வெளிவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்தின் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் நீர் நிற்கும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் அது 16 சதவீதமாகலாம். பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், ஆரத்தின் திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் முழுவதும் நீரின் அளவு 30 சதவீதத்திலிருந்து பூச்சியத்துக்கு இறங்கும்போது நிகழ்வது. அப்படியானால் நீர் 4 சதவீதம் கூடினால், வளையப் போக்கில் அறுத்த 40 செ.மீ. பலகை எவ்வளவு விரியும்? கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் 3 மில்லிமீட்டர்! இரண்டு கதவுகளுக்கும் சேர்த்து 6 மில்லிமீட்டர். நானோ ஒரு தாளுக்குக்கூட இடம் விடவில்லை.

வைக்கோல் கட்டு

மரத்தை ஒரு வைக்கோல் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நுண்ணிய குழாய்கள் வேரிலிருந்து உச்சியை நோக்கி நீண்டு கிடக்கின்றன. குழாய்களின் சுவர்களுக்குள் நீர் புகும்போது, அங்குள்ள செல்லுலோஸ் இழைகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. இழைகள் நீளுவதில்லை, ஆகவே கட்டு பருக்கிறது, நீளம் ஏறக்குறைய மாறுவதில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். பழைய பெட்டிப் பலகையில் 10 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டுங்கள். இரு பக்கங்களையும் அளந்து குறித்துக்கொண்டு, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். மீண்டும் அளந்தால், உங்கள் சதுரம் செவ்வகமாகியிருக்கும்!

பழைய கடைகளின் பாடம்

பழைய கடைகளில் கதவுக்குப் பதிலாக, 1, 2, 3 என்று எண்ணிட்ட பலகைகளை மேலும் கீழுமுள்ள காடியில் வரிசையாகச் செருகி அடைப்பார்கள். காடியில் சிறிது தளர்வு இருக்கும். அது கவனக்குறைவன்று, மழைக்காலத்துக்கு ஒதுக்கிய இடம். சட்டமிட்ட கதவும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். நீளவாக்கில் அறுத்த நான்கு சட்டங்கள் கதவின் அளவைக் காக்கின்றன. நடுப்பலகை பசையோ ஆணியோ இன்றிக் காடிக்குள் அமர்ந்து, தன் விருப்பம்போல் விரிந்து சுருங்குகிறது.

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். பூமுகத்தின் கூரையில் செதுக்கிய 90 வகைப் பூக்களை அண்ணாந்து பார்த்த பின்பு, மந்திரசாலையின் மரச்சட்டச் சன்னல்களையும் கவனியுங்கள். சட்டங்களின் இடைவெளி வழியே காற்று தடையின்றிப் போய்வருகிறது. பலகையின் ஒரு முகம் ஈரமாகவும் மறுமுகம் காய்ந்தும் இருந்தால் அது வளையும். இரு முகங்களிலும் காற்றுப் பட்டால் வளைவது குறையும். நம் அலமாரிப் பலகையின் உட்புறத்துக்கும் வார்னிஷ் பூச வேண்டும் என்பது இதனால்தான்.

நீங்கள் செய்யும்போது

வீட்டில் பெரியவர்கள் அலமாரிக்குப் பலகை பொருத்தும்போது நீங்களும் உதவலாம். மின்ரம்பத்தை மட்டும் நீங்கள் தொட வேண்டாம்.

பலகைகளை வாங்கியவுடன் அறுக்காதீர்கள். இடையிடையே குச்சிகள் வைத்து, இரண்டு வாரம் வீட்டுக்குள் அடுக்கி வையுங்கள்; வீட்டுக் காற்றுக்கு அவை பழகட்டும்.

அலமாரி வாயின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளவுகோலால் அளந்து, சிறிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருந்தால்தான் அது சரியான செவ்வகம்.

ரம்பம் தின்னும் மரத்தைக் கணக்கில் சேருங்கள். வெட்டு 3 மில்லிமீட்டர் அகலமானால், 60 செ.மீ. பலகையை நான்காக்க மூன்று வெட்டுகளில் 9 மில்லிமீட்டர் தூளாகிவிடும். முதல் மூன்று துண்டுகளையும் சரியாக 15 செ.மீ. என அறுத்தால், கடைசித் துண்டு 14.1 செ.மீ.தான் தேறும். ஒவ்வொரு துண்டையும் அறுத்தபின் அடுத்ததை அளப்பது நல்லது. ரம்பம் எப்போதும் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில் ஓடட்டும்.

பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால், ஓர் அடுக்கின் விரிவை அடுத்த அடுக்கு தடுக்கிறது. ஆனால் அதன் ஓரங்கள் நீரை உறிஞ்சும். வெட்டிய ஓரங்களுக்குத் தவறாமல் வர்ணம் பூசுங்கள். அறுக்குமுன் கோட்டின்மேல் கூரிய கத்தியால் கீறிவிட்டால் மேல்தாள் பிய்யாது. கைரம்பத்தால் அறுக்கும்போது நல்ல முகம் மேலே இருக்கட்டும்.

கடைசியாக, மரக்கதவை வறண்ட மாதத்தில் பொருத்தினால் தாராளமாக இடைவெளி விடுங்கள். அடைமழையில் பொருத்தினால் சிறிது போதும்.

மழை விட்டதும் தச்சர் வீட்டுக்குப் போனேன். தவறு என்னுடையது என்று சொல்லி, போட்ட கணக்கையும் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "மழைக்கும் ஒரு இடம் விடணும் சாரே. அதுக்கு இவ்வளவு கணக்கா?" என்றார்.

உங்கள் வீட்டில் இப்போது எந்தக் கதவு இறுகியிருக்கிறது? யாரையும் குறைகூறுமுன், அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள்!