எக்ஸ் வீடும் பி வீடும்

போலியோ ஒழிப்பு நடந்த ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஓர் ஆங்கில எழுத்தை எழுதிவிட்டுப் போவார்கள். வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் சொட்டு மருந்து குடித்திருந்தால் 'பி'. ஒரு குழந்தை விடுபட்டாலும், வேண்டாமென்று கதவைச் சாத்தினாலும் 'எக்ஸ்'.

மருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எக்ஸ் வீடுகள் இருந்துகொண்டே இருந்தன. இந்த மருந்தைக் குடித்தால் நாளை பிள்ளை பிறக்காது என்ற வதந்தி, ஏழை முஸ்லிம் குடியிருப்புகளில் பரவியிருந்தது. சாக்கடை வசதி செய்யாத அரசு, நல்ல தண்ணீர் தராத அரசு, இந்த ஒரு மருந்தை மட்டும் மாதாமாதம் வீடு தேடி வந்து கொடுப்பது ஏன் என்றும் கேட்டார்கள். சேரியில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

டாக்டரும் அதிகாரியும் சொல்லி நகராதது, அதே தெருப் பெண்கள் பேசியபோது நகர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் யுனிசெஃப் உருவாக்கிய சமூகத் திரட்டல் வலையமைப்பில் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் சுமார் 7,000 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். தாய்மார்களை உட்காரவைத்துப் பேசினார்கள். இமாம்களைப் பள்ளிவாசலில் அறிவிக்கச் செய்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிவரச் சிறுவர் குழுக்களை அனுப்பினார்கள். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருந்த குடும்பங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாததால், அவர்களுக்கென்று தனிப் பட்டியல் போடப்பட்டது. 2009இல் உலகின் 1,604 போலியோ நோயாளிகளில் 741 பேர் இந்தியாவில் இருந்தார்கள். அந்த ஆண்டில்தான் இரு மாநிலங்களின் 107 ஒன்றியங்களில் சொட்டு மருந்தோடு கைகழுவுதல், வயிற்றுப்போக்குச் சிகிச்சை, தாய்ப்பால் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். மக்கள் கேட்ட கேள்விக்குத் தாமதமாக வந்த பதில் அது. 2010இல் மேம்பட்ட புதிய சொட்டு மருந்தும் வந்தது. நாட்டின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது; 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது.

எக்ஸ் வீட்டைப் பி வீடாக்கும் இந்த வேலை இன்று உலகெங்கும் தனித் தொழில். யுனிசெஃப் இதைச் சமூக, நடத்தை மாற்றப் பணி என்கிறது. உலக சுகாதார நிறுவனம் முதல் சிறு தொண்டு நிறுவனங்கள் வரை இதற்கு ஆள் எடுக்கிறார்கள். மக்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டறிவது, அவர்கள் மொழியில் செய்தி தயாரிப்பது, களப்பணியாளருக்குப் பயிற்சி தருவது, செலவுக் கணக்கும் முன்னேற்ற அறிக்கையும் எழுதுவது எல்லாம் இதில் அடங்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வாசல் வாசலாக நடந்த பெண்களுக்குக் கிடைத்தது சிறு மதிப்பூதியம். நல்ல சம்பளமும் வெளிநாட்டுப் பயணமும் முதுகலைப் பட்டமும் ஆங்கிலமும் உள்ளவர்களுக்குத்தான். நம் பிள்ளைகள் முதல் படியோடு நின்றுவிட வேண்டியதில்லை.

இதற்கு டாக்டர் ஆக வேண்டும் என்பதில்லை. சமூகப்பணி, இதழியல், செவிலியம், புள்ளியியல் என எதைப் படித்தவரும் வரலாம். இளநிலைப் பட்டம் முடித்து இரண்டு, மூன்று ஆண்டு களப்பணி, பிறகு பொதுச் சுகாதார முதுகலை என்பது நல்ல வழி. மக்களைத் தேடி மருத்துவம், காசநோய் ஒழிப்பு போன்ற திட்டங்களில் வேலை செய்த அனுபவத்தைச் சிறிதாக நினைக்காதீர்கள். நேர்காணலில் கேட்பதே அதைத்தான். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கே இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கட்டாயம்.

பணத்துக்கு இரண்டு வழிகள் முக்கியம். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் மொத்தம் 125 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 115. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், 60 சதவீத மதிப்பெண் வேண்டும், வயது 35க்குள். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் சார்ந்த படிப்புகளை 2022இல் இதிலிருந்து நீக்கிவிட்டார்கள்; சாதியும் நோயும் பற்றி ஆராய நினைப்பவர் தலைப்பைப் பார்த்து எழுத வேண்டிய நிலை. 2025இல் 106 பேர் தேர்வாகியும், நிதியைக் காரணம் காட்டி முதலில் 40 பேருக்கே ஆணை வந்தது. ஆகவே இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கிறிஸ்தவ ஆதிதிராவிடரும் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இந்தத் துறைக்கு இப்போது கஷ்டகாலம் என்பதும் உண்மை. 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே மூடியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைத்தது. அதனால் படிக்கும்போதே புள்ளிவிவரம் கையாளுதல், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுதல் இரண்டையும் கற்றுக்கொள்வது நல்லது. இவை வேறு வேலைக்கும் உதவும். 18 வயது நிரம்பியவர்கள் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பில் வீட்டிலிருந்தே இணையவழியில் பணி செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் தன் பயிற்சி மாணவர்களுக்கு 2020 முதல் உதவித்தொகை தருகிறது.

ஐ.நா. அமைப்புகள் எதுவும் வேலைக்கு விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. ஜெனிவாவில் வேலை என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.