மீன் ஏன் மேலே வருகிறது?

மீன் நீரில் வாழும் உயிராயிற்றே, அதற்கு நீரிலேயே மூச்சு முட்டுமா என்று நம் அங்கத்தினர் சிலர் வினவுவதுண்டு. முட்டும் என்பதே விடை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் ஏரியை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தவர்கள் விடியற்காலையில் கரையில் நின்றால் அதனைக் காணலாம். மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரை கேட்கின்றன என்று எண்ணித் தவிட்டையும் பிண்ணாக்கையும் வாரி இறைப்போர் உளர். அவை கேட்பது இரையன்று, மூச்சு. இவ்வேற்றுமையை அறியாவிடில் ஓராண்டு இட்ட முதல் ஓரிரவில் அழியக்கூடும்.

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரிலோ, காற்றிலிருந்து கரைந்து தங்குவது லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவே. ஓசூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குக் காற்றின் அழுத்தம் குறைந்து, அதிலும் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும்.

இவ்வறுமையில் வாழ்வதற்கென்றே மீனுக்குச் செவுள் அமைந்துள்ளது. வாய்வழிப் புகும் நீர் செவுள் இதழ்களினூடே ஒரு திசையில் ஓட, அவற்றினுள் இரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அதனால் நீரிலுள்ள பிராணவாயுவில் பெரும்பகுதியை மீன் கறந்துகொள்கிறது.

மூச்சை எப்போது விரைவுபடுத்த வேண்டும் என்பதை மீனுக்கு உணர்த்துவது எது? செவுள் இதழ்களிலேயே நரம்போடு இணைந்த நுண்ணிய உணர்வணுக்கள் உள்ளன. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1982-இல் அவற்றை விவரித்தனர். நீரில் பிராணவாயு குறைந்ததும், அவ்வணுக்களில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் அடைபடுகின்றன. மின்னிலை மாறிக் கால்சியம் உட்புகுகிறது. நரம்பைத் தூண்டும் பொருள் சுரக்கிறது. செய்தி மூளையை அடைந்தவுடன் வாயும் செவுள் மூடியும் விரைந்து இயங்குகின்றன. பல மீன்களில் இதயத்துடிப்போ தளர்கிறது. மனிதரின் கழுத்துத் தமனியிலும் இத்தகைய உணர்வுறுப்பு உண்டு. அதனை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நாம் பெரும்பாலும் இரத்தத்தில் கரியமிலவாயு மிகுவதைக் கொண்டே மூச்சு வாங்குகிறோம். மீனுக்கோ அவ்வாயு நீரில் எளிதில் கரைந்து போய்விடும், கிடைத்தற்கரியது பிராணவாயுவே. ஆதலின் அதன் காவல் முதலில் பிராணவாயுவின்மீதே நிற்கிறது. எனினும் கரியமிலவாயுவும் அம்மோனியாவும் நீரில் மிகுந்தால் அவற்றையும் மீன் உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துகிறது.

அதுவும் போதாதபோது மீன் மேலே வருகிறது. காற்றைத் தொடும் மெல்லிய மேற்படலத்தில் பிராணவாயு சற்று மிகுதி. அந்நீரையே செவுளுக்கு அனுப்புகிறது. கட்லாவும் ரோகுவும் செய்யக்கூடியது இவ்வளவே. விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்குக் காற்றையே சுவாசிக்கும் தனியுறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறிய மீனைக் கண்டதாக டால்டார்ஃப் என்பவர் எழுதியது 1797-இல் வெளிவந்தது. ஆகவே விரால் மேலே வந்து மீண்டும் மூழ்குவது இயல்பு. கட்லாவும் ரோகுவும் மேலேயே நின்று வாய் பிளப்பது ஆபத்து.

பகலில் நீர்ப்பாசி வெயிலின் துணைகொண்டு பிராணவாயுவை ஈனும். இரவில் பாசியும் மீனும் சேற்று நுண்ணுயிர்களும் அதனை உட்கொள்ளும். ஆகவே விடியுமுன் நீர் மிக வறியதாயிருக்கும். கழிவுநீரும் கலந்தால், அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் எஞ்சியதையும் பறித்துவிடும். பெங்களூர் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் சேர்ந்து பிராணவாயு குன்றியதே காரணம் என்றனர். அந்நகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கு வெண்ணுரை பொங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அதே ஆறுதான் பின்னர்க் கிருஷ்ணகிரி அணையை நிரப்புகிறது. உழவர் பாய்ச்சுவதும் அந்நீரையே. மேலிருப்போரைக் குறை கூறும் நாம், நம் சாயத்தொட்டி நீரை ஏரியில் விடாதிருத்தலும் கடமையாகும்.

குத்தகை எடுத்த அங்கத்தினர்கள் விடியுமுன் ஏரியைப் பார்க்க முறை வைத்துக்கொள்க. மீன் வாய் பிளந்தால் அன்று இரையும் எருவும் இடற்க. பம்புசெட்டால் நீரை உயர வீசி மீண்டும் ஏரியில் விழச் செய்க. இயலுமாயின் புதுநீர் விடுக. பரப்புக்கு மிஞ்சிக் குஞ்சு விடற்க. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயு இருப்பது நலம். 3-க்குக் கீழ் இறங்கினால் மீன் வருந்தும். இதனை அளக்கும் கருவி ஒருவருக்குப் பெருஞ்செலவு. பலர் கூடிச் சங்கத்தின் வாயிலாக வாங்கினால் சிறுசெலவே.

செவுள் பிராணவாயுவின் குறைவை மீனுக்கு உணர்த்தும். அக்குறைவு எங்கிருந்து வந்தது என்பதை உணர்த்தாது. அதனைத் தேடிக் காண்பது கரையிலுள்ள நம் பொறுப்பு.