மின்சாரக் கார் வாங்குமுன் ஓட்டுபவரைக் கேளுங்கள்

புதிய பார்ட்டிக்குக் கடனில் சரக்குக் கொடுக்குமுன் நாம் என்ன செய்கிறோம்? அவரோடு ஏற்கனவே வரவு செலவு வைத்திருக்கும் நாலு கடைக்காரர்களிடம் விசாரிக்கிறோம். அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பி மூட்டையை ஏற்றி அனுப்புவதில்லை. ஆனால் பல இலட்சம் ரூபாய் போட்டு மின்சாரக் கார் வாங்கும்போது, ஷோரூமில் தரும் விளம்பரத் தாளோடு விசாரணையை முடித்துக்கொள்கிறோம்.

அந்தத் தாளில் இருப்பது சோதனைக்கூடக் கணக்கு. 2024 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த டாடா கர்வ் மின்சாரக் காரின் பெரிய பாட்டரிக்கு, ஒரு சார்ஜில் 585 கி.மீ. என்பது சோதனைக் கணக்கு. அன்றாட ஓட்டத்தில் 400 முதல் 425 கி.மீ. எதிர்பார்க்கலாம் என்று அந்த நிறுவனமே தெரிவித்தது. ஏ.சி., வேகம், சுமை ஆகிய மூன்றும் தூரத்தைக் குறைப்பவை.

எனவே நம்மைப் போலவே வண்டியைப் பயன்படுத்துபவரிடம்தான் கேட்க வேண்டும். ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போது சிறிது மின்சாரம் பாட்டரிக்கே திரும்பும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது அது குறைவு. காற்றின் எதிர்ப்போ அதிகம். வாரந்தோறும் வெளியூர் வசூலுக்குச் செல்பவருக்கு, ஊருக்குள் மட்டும் ஓட்டுபவரின் கணக்கு உதவாது.

"வண்டி எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். கீழ்க்கண்டவாறு குறிப்பாகக் கேளுங்கள்:

1. ஏ.சி. போட்டு, நாலு பேருடன் வெளியூர் சென்றால் உண்மையில் எத்தனை கி.மீ. கிடைக்கிறது?

2. வீட்டில் சார்ஜ் செய்ய ஒயரிங், எர்த் மாற்றினீர்களா? மின் கட்டணம் எவ்வளவு கூடியது?

3. வழியில் உள்ள சார்ஜ் நிலையங்கள் வேலை செய்கின்றனவா? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?

4. பழுதானபோது வண்டி எத்தனை நாள் பணிமனையில் நின்றது?

5. பாட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ.? விற்றால் அடுத்தவருக்கும் அது செல்லுமா?

பதில் கிடைத்ததும் பேப்பரில் கணக்குப் போடுங்கள். உதாரணமாக, யூனிட் 8 ரூபாய், யூனிட்டுக்கு 6 கி.மீ. என்றால் கி.மீ.க்கு சுமார் 1.33 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 6.67 ரூபாய். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் மிச்சம் சுமார் 5,300 ரூபாய். மின்சாரக் கார் 3 இலட்சம் ரூபாய் அதிக விலை என்றால், வட்டியைச் சேர்க்காமலே அந்தப் பணம் திரும்ப ஏறக்குறைய 57 மாதங்கள் ஆகும். மாதம் 2,000 கி.மீ. ஓடுபவருக்கு அதில் பாதிக் காலமே போதும்.

ஒரு எச்சரிக்கை. தான் வாங்கிய பொருளை யாரும் எளிதில் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே ஒருவரோடு நிற்காமல் மூன்று பேரைக் கேளுங்கள். வாங்கி விற்றுவிட்டவர் கிடைத்தால் அவரையும் கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவர்களோடு வண்டியில் சென்று வாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.