வரைபடமும் எல்லையும்



வரைபடம் பொய் சொல்லுமா? சில வேளைகளில் சொல்லும். வங்காளத்தின் நில அளவைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ரென்னல், 1798இல் வரைந்த படத்தில், மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே ‘காங் மலைகள்’ என்றொரு தொடரைக் காட்டினார். அத்தகைய மலைத்தொடரே அங்கு இல்லை என்பதை, 1888இல் பிங்கர் என்னும் பிரெஞ்சுக்காரர் நேரில் சென்று கண்டார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் உலகம் இல்லாத மலையை நம்பியிருந்தது!

மற்றொரு பொய் நமக்கு அண்மையிலுள்ளது. எல்லைகளை ஐரோப்பியரே வகுத்தனர் என்பது அது. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் தெரியும். அதன் அடிவாரத்தையொட்டிச் சேற்றூர், சிவகிரி, நெற்கட்டுஞ்செவல் முதலிய பாளையங்கள் இருந்தன. காடும் கணவாயும் பாளையக்காரர் நன்கறிந்தவை, கும்பினியார் அறியாதவை. 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டுஞ்செவல் கோட்டைவரை வந்தும், பூலித்தேவரைப் பணிய வைக்க இயலாமல் திரும்பினார். 1761இல் அக்கோட்டையைப் பிடித்த யூசுப்கானும் இம்மண்ணில் பிறந்தவரே. கும்பினியின் நேரடி ஆட்சி நிலைபெற 1801 வரை சென்றது. அத்தாமதத்திற்குப் பாளையக்காரரின் எதிர்ப்பும் ஒரு காரணமன்றோ?

ஆகவே, படத்தில் ஒரு கோட்டைக் கண்டால், அதை வரைந்தவர் யார் என்பதோடு அமையாதீர்கள். அக்கோடு அங்கே வந்து நிற்கும்படி செய்தவர் யார் என்றும் வினவுங்கள்.