ஆதார சுருதியை விடாமல் பழகுங்கள்

மேஜர், மைனர் ஸ்கேல்களைத் தாண்டி வரும் பியானோ மாணவரைத் திணறடிக்கும் ஸ்கேல்களில் ஒன்று லிடியன் டாமினன்ட். சி-யில் தொடங்கினால் சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃபிளாட் என்று போகும். ஸ்வரக் கணக்கில் இது 64-ஆவது மேளகர்த்தாவான வாசஸ்பதிக்குச் சமம். ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக் 1930-இல் எழுதிய ‘கன்டாட்டா ப்ரொஃபானா’ டி-யை ஆதாரமாகக் கொண்டு இந்த ஸ்கேலில்தான் நிறைவுறுகிறது. இதைக் கற்க ஒரு குறுக்குவழி சொல்லித் தரப்படுவதுண்டு: ஜி மெலோடிக் மைனர் தெரியுமா, அதையே சி-யிலிருந்து தொடங்கி வாசி, முடிந்தது வேலை. கணக்கு சரிதான், கர்நாடக இசையின் கிரகபேதமும் இதையே சொல்கிறது. கௌரிமனோகரியின் மத்யமத்தை ஸட்ஜமாக வைத்தால் வாசஸ்பதி கிடைக்கும். ஆனால் பழகும் வழியாக இது தவறு என்பதே என் கருத்து.

ஏனென்றால் ஒரு ஸ்கேலின் குணம் எந்தெந்தக் கட்டைகள் என்பதில் மட்டும் இல்லை. அவை எந்த ஸ்வரத்தை வீடாகக் கொண்டு ஒலிக்கின்றன என்பதில்தான் இருக்கிறது. ஜி மைனரை மனதில் வைத்து வாசிப்பவரின் காது ஜி-யில் போய் இளைப்பாறவே துடிக்கும். விரல் சி-யில் தொடங்கினாலும் பயனில்லை. அதற்குப் பதிலாக இடது கையில் சி-யையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தி, தம்புரா போல ஒலிக்க விடுங்கள். வலது கையில் முதலில் சி மேஜர். பிறகு எஃப்-ஐ மட்டும் ஷார்ப் ஆக்குங்கள். அது பழகிய பின் பி-யை ஃபிளாட் ஆக்குங்கள். இரண்டே மாற்றம், ஆனால் ஒவ்வொன்றும் தனியாகக் காதில் விழும். எஃப் ஷார்ப் மேலே ஜி-யை நோக்கி இழுக்கும். பி ஃபிளாட் கீழே ஏ-யை நோக்கிச் சாயும். இன்னொரு நுட்பமும் உண்டு. சி, ஈ, ஜி, பி ஃபிளாட் சேர்ந்த கார்டு வழக்கமாக எஃப் மேஜருக்குப் போகத் தவிக்கும். இந்த ஸ்கேலிலோ எஃப் கிடையாது. ஆகவே சி-யிலேயே அது நிலைகொள்ள முடிகிறது. இந்த ஸ்கேலின் தனி அழகே இதுதான். குறுக்குவழியில் போகிறவருக்கு இது கேட்காமலே போய்விடும். விரல் வைப்பும் எளிது: வலது கையில் 1, 2, 3, 4 என்று எஃப் ஷார்ப் வரை போய், ஜி-யில் மீண்டும் கட்டைவிரல்.

ஜாஸ் கலைஞர்கள் குறுக்குவழியில்தானே வாசிக்கிறார்கள் என்று கேட்கலாம். கார்டுகள் நொடிக்கு நொடி மாறும்போது கட்டைகளைச் சட்டென்று கண்டுபிடிக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் தேர்ந்த கலைஞரின் காது ஒவ்வொரு கார்டின் வேர் ஸ்வரத்தையும் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. மாணவருக்கு அந்தக் காதே இனிமேல்தான் வளர வேண்டும். பியானோவில் கமகம் வராது, இதை எப்படி வாசஸ்பதி என்பது என்றும் சிலர் ஆட்சேபிக்கலாம். அது நியாயமான ஆட்சேபம். கட்டைகள் ஒன்றாக இருப்பதால் ராகம் வந்துவிடாது. பிடிகள் வேண்டும், அசைவு வேண்டும். ஆயினும் ஸட்ஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டு மற்ற ஸ்வரங்களை அதோடு ஒப்பிட்டுக் கேட்கும் பழக்கம் தம்புராவோடு பாடி வளர்ந்தவர்களிடம் முன்பே இருக்கிறது. அதைப் பியானோவுக்கும் கொண்டுவாருங்கள். சி-யில் காது தெளிந்த பிறகே மற்ற 11 சுருதிகளுக்குப் போங்கள்.