ஈரலில் ஒளிந்திருக்கும் ஆஸ்துமா மருந்து

1990-இல் ஸ்பெயினில் மாட்டு ஈரல் சாப்பிட்ட 135 பேருக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, தலை வலித்தது. சிலருக்குச் சாப்பிட்ட அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டது. ஈரல் கெட்டுப்போனதல்ல. அதில் கிளென்பியூட்டரால் என்ற மருந்து இருந்தது.

கொழுப்பைக் குறைக்கும் குறுக்குவழி

கிளென்பியூட்டரால் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. சில நாடுகளில் ஆஸ்துமாவுக்கும், குதிரைகளின் மூச்சுக்கோளாறுக்கும் கொடுப்பார்கள். அதையே அளவுக்கு மீறித் தீவனத்தில் கலந்தால் கால்நடையின் கொழுப்பு குறைந்து சதை கூடும். கறி சிவப்பாக, கொழுப்பில்லாமல் இருக்கும். நல்ல விலையும் கிடைக்கும். நல்ல கறி என்று நாம் தேடி வாங்கும் தோற்றமே இந்த மோசடிக்குத் துணைபோவதுதான் வேதனை.

வளர்ச்சிக்காக இதைக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் தடை செய்தது. சீனாவிலும் தடைதான். ஆனாலும் 2006-இல் ஷாங்காயில் 300-க்கும் மேற்பட்டோரும், 2009-இல் குவாங்சோவில் 70 பேரும் பன்றிக்கறி சாப்பிட்டு நோயுற்றார்கள்.

வேகவைத்தால் போய்விடாதா?

போகாது. கொதிக்கும் நீரின் சூட்டை இந்த மருந்து தாங்கும். உண்ணும் பகுதிகளில் ஈரலில்தான் அதிகம் தங்கும். இதய நோயாளிகளுக்கு ஆபத்து கூடுதல்.

ஆய்வகத்தில் நடப்பது

ஆட்டறுப்பு, மாட்டறுப்புக் கூடங்களில் முதலில் கால்நடையின் சிறுநீரைத் துரிதச் சோதனைப் பட்டையில் பார்ப்பார்கள். இது சந்தேகத்தைத்தான் எழுப்பும். இதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. உறுதி செய்ய வேண்டுமானால் மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

அங்கே ஈரலைக் கூழாக அரைத்து, அதில் கன ஹைட்ரஜன் சேர்த்துச் செய்த கிளென்பியூட்டராலைத் தெரிந்த அளவில் கலப்பார்கள். சுத்திகரிக்கும்போது மருந்து எவ்வளவு வீணாகிறதோ அதே விகிதத்தில் இதுவும் வீணாகும் என்பதால் கணக்கு பிசகாது. பிறகு சாற்றை வடித்து, திரவ நிறப்பகுப்புக் கருவியோடு இணைந்த நிறைமாலைமானியில் செலுத்துவார்கள். கிளென்பியூட்டராலின் 277 நிறையுள்ள அயனி உடைந்து 203, 132 என்ற துண்டுகள் வர வேண்டும். அவை வரும் நேரமும், இரண்டுக்கும் இடையிலான விகிதமும் பொருந்த வேண்டும். எல்லாம் ஒத்துவந்தால்தான் அறிக்கையில் எழுதுவார்கள். ஒரு கிலோ இறைச்சியில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தால்கூட இக்கருவி காட்டிக்கொடுக்கும்.

கண்ணும் முடியும் சொல்லும் சாட்சி

அறுப்பதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்திவிட்டால் சிறுநீரும் கறியும் சுத்தமாகத் தோன்றலாம். ஆனால் கிளென்பியூட்டரால் கருநிறமியோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணின் விழித்திரையிலும் கறுப்பு முடியிலும் வாரக்கணக்கில் தங்கும். ஆகவே கடைக் கறியை மட்டும் சோதிப்பது போதாது. பண்ணையிலும் அறுப்புக்கூடத்திலும் இந்த மாதிரிகளை எடுத்தாக வேண்டும். அடுக்களைக்கு வந்துவிட்டால் இல்லத்தரசியால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இப்படித் தெரியாமலே கறி வழியாக மருந்து உடலில் சேர்ந்ததும் உண்டு. 2011-இல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் வீரர்களின் 208 சிறுநீர் மாதிரிகளில் 109-இல் இம்மருந்து இருந்தது. ஊக்கமருந்துக் குற்றமாக அது கருதப்படவில்லை. உள்ளூர் இறைச்சியே காரணம் என முடிவானது.

சந்தேகம் வந்தால்

ஈரலோ கறியோ சாப்பிட்ட சில மணி நேரத்தில் படபடப்பும் நடுக்கமும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உடன் சாப்பிட்டவர்களுக்கும் இதே தொல்லை உண்டா என்று விசாரியுங்கள். மிச்சக் கறியைக் கொட்டிவிடாமல் உறைபெட்டியில் வைத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்.